அந்தாலியாவில் நம்மவர்கள் என்ன பேசப்போகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வரும் நவம்பரில் துருக்கியின் அந்தாலியாவில் ஐ.நா. காலநிலை மாநாடு கூடுகிறது. இத்தகைய மாநாடுகள் பற்றிய உங்கள் தலையங்கம், பணக்கார நாடுகள் முதலில் தங்கள் கடனை அடைக்கட்டும் என்று முடிகிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். இந்தியர் 2 டன் சொச்சம். வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். 2020-க்குள் வரவேண்டிய தொகையை 2022-ல்தான் எட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். 2024-ல் அசர்பைஜானின் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் 1.3 லட்சம் கோடி டாலர் கேட்க, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று அவசரமாகச் சுத்தியலைத் தட்டினார்கள். இந்தியப் பிரதிநிதி எழுந்து எதிர்த்தது முழுக்க நியாயம். அமெரிக்காவோ, பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டே இரண்டாம் முறையாக வெளியேறிவிட்டது.

சரி, அவர்கள் கொடுக்கவில்லை. அதற்காக ஒப்பந்தம் நீர்த்துப்போவதை நாம் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? நீர்த்துப்போனால் லாபம் எண்ணெய் விற்கும் நாடுகளுக்கு. நஷ்டம் எங்களைப் போன்றவர்களுக்கு.

நான் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் உப்பளக் கணக்கு எழுதுபவன். ஜனவரியில் பாத்தி மிதித்து, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, அதன் உப்பு அடர்த்தியை 24, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு விளையும். நடுவே பருவம் தவறி ஒரு மழை கொட்டினால் டிகிரி இறங்கிவிடும். தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை உப்பை வாரும் வாருபலகை பிடிப்பவருக்கும் தலைச்சுமை தூக்கும் பெண்களுக்கும் கூலி கிடையாது. மாநில அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கானது; ஏப்ரலில் பெய்யும் மழை அந்தக் கணக்கில் வராது. வெயில்தானே உங்களுக்கு வேண்டும், பூமி சூடானால் நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு (பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள்). ஒருநாள் உச்சிவெயிலில் அந்த வெள்ளைப் பரப்பின் மேல் கண்ணைத் திறந்து நின்று பார்த்துவிட்டு அவர்கள் இதைக் கேட்கட்டும். விடியுமுன்பே இருட்டில் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள் என்றால் அது ஆசையால் அல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, எங்களுக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்த உப்பு அம்பாரங்கள் அடியிலிருந்து கரைந்ததை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பாத்திகளில் சேறுதான் மிச்சம். அந்த ஒரு மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அதை எந்த மாநாட்டிலும் பேரம் பேசிக் குறைக்க முடியாது.

என் குறை இதுதான். 2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரி பற்றிய வாசகத்தைக் கடைசி நேரத்தில் தளர்த்தியதில் இந்தியாவின் பங்கு பெரிது. எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு ஏழைநாட்டு நிலக்கரியை மட்டும் கூண்டில் ஏற்றினார்கள் என்ற நம் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டே எகிப்து மாநாட்டில், எல்லாப் புதைபடிவ எரிபொருள்களையும் படிப்படியாகக் குறைப்போம் என்று இந்தியாவே முன்மொழிந்தது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அது இறுதி ஆவணத்தில் ஏறவில்லை. 2023-ல் துபாயில்தான் அந்த எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வதாக உலகம் முதன்முறையாக எழுதி ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு வழித்திட்டம் வேண்டும் என்று 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் 80-க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை! இறுதித் தீர்மானத்தில் புதைபடிவ எரிபொருள் என்ற பேச்சே காணோம். மூன்றே ஆண்டுகளில் நாமே கேட்டதை நாமே கைவிட்டதற்கு என்ன காரணம் என்று யாரும் விளக்கவில்லை.

நாளைக்கே அனல்மின் நிலையத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலேயே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட நிலையம் இருக்கிறது. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நிறுவப்பட்ட மின்திறனில் பாதியைப் புதைபடிவமல்லாத வழிகளுக்கு 2030-க்குள் கொண்டுவருவதாகச் சொன்ன இந்தியா, 2025-லேயே அதைச் செய்து காட்டியது. உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான் என்பதும் உண்மை. அதனால்தான் வழித்திட்டம் நமக்குத் தேவை. யார் முதலில், எத்தனை ஆண்டில், யார் பணத்தில், வேலை இழப்பவருக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் எழுத வேண்டிய இடம் அதுதான். எழுதும்போது நாம் மேசையில் இல்லாவிட்டால் நமக்குச் சாதகமாக யார் எழுதுவார்கள்?

அந்தாலியாவில் நடக்கப்போவது 31-ஆவது மாநாடு. பணமும் வழித்திட்டமும் ஒரே மூச்சில் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் பேச்சாளர்களுக்கு என் கோரிக்கை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவுப்படி வளர்ந்த நாடுகள் தரவேண்டிய நிதிக்குக் காலக்கெடு வேண்டும். காலநிலைப் பேரிடர்களில் அடிபடும் வளரும் நாடுகளுக்கான இழப்பு, சேத நிதிக்கு நாடுகள் இதுவரை அறிவித்த மொத்தத் தொகை 100 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அதை நிரப்பச் சொல்லுங்கள். கூடவே, பணக்கார நாடுகள் முதலில் விலகும் விதமாக எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக் கணக்கு போடச் சொல்லுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடுவது சவூதி அரேபியாவுக்குக் கட்டுப்படியாகும், கடலோர மாவட்டங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று. நம் நிலைப்பாடு என்ன என்பது மாநாடு முடிந்த பிறகே நமக்குத் தெரியவருகிறது, அதுவும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் மூலம். இம்முறை நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரிலேயே சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை அவையில் வைக்கட்டும். கடலோரத் தொகுதி எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் கேள்வி எழுப்பட்டும். உங்கள் டெல்லி நிருபரும் அமைச்சகத்தில் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
உப்பளக் கணக்கர் ஒருவர்,
முள்ளக்காடு, தூத்துக்குடி மாவட்டம்.