முன்பாரம் பின்பாரம்

கணபதி, கோவை.

அன்புள்ள கண்ணுக்கு,

நீ எழுதிய நான்கு பக்கமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஐப்பசி மழை பரவாயில்லை. வேறு சேதி ஒன்றும் இல்லை.

உன் கார்களில் மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2 இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். பட்டறைப் பையன்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எம்ஆர்2 டர்போ வண்டி, 225 குதிரைத்திறன் என்றதும் வாயைப் பிளந்தார்கள். லேத் பட்டறைக்காரன் மகன் இங்கிலாந்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான் என்பதில் எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. நான்கு பக்கத்தில் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

முதலில் எம்எக்ஸ்-5. 1600 சிசி, ஒரு டன்னுக்குள் எடை, இன்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். உன் அப்பாரு மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது சொல்வாரே, முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்று என்று, அதைப் படித்துவிட்டுச் செய்ததுபோல இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அந்த மலைக்கு இதைவிடப் பெரிய இன்ஜின் தேவையில்லை.

ஆனால் உன்னுடையது 1990ஆம் வருட வண்டி. இன்ஜினின் கிராங்க் தண்டு முனையில் சுற்றும் புல்லியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன், நான்கு வெட்டுதான் இருக்கிறது. அப்படியானால் அது முனை சிறுத்த பழைய கிராங்க். 1991இல் மாஸ்டாக்காரர்களே முனையைப் பெரிதாக்கி எட்டு வெட்டுப் புல்லி போட்டார்கள். டைமிங் பெல்ட் மாற்றுகிறவன் நடு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் புல்லி ஆடும், அதைத் தண்டோடு பிணைக்கும் கீ தேயும், கீ உட்காரும் கீவே அகன்றுபோகும். பிறகு கிராங்கையே மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் குனிந்து புல்லி ஆடுகிறதா என்று பார்.

துணிக் கூரைத் தண்ணீர் வடியும் ஓட்டை சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் இறங்கும். குளிர்காலத்தில் அங்கே ரோட்டில் உப்பு வேறு போடுகிறார்கள். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகிவிடும். மாதம் ஒருமுறை அந்த ஓட்டையைக் குத்திவிடு.

எம்ஆர்2 வேறு சாதி. இன்ஜின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவே அத்தனை நீளக் குழாய். தண்ணீர் மாற்றினால் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நம் கிணற்று மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டதுபோலச் சூடேறி நிற்கும். அது பரவாயில்லை, கை பழகிவிடும். பயம் வேறு. வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். 1992 மாடலில் பின் சஸ்பென்ஷனை மாற்றி டயரையும் அகலமாக்கினார்கள். உன்னுடையது அதற்கு முந்தியது. மனது நிலையில்லாத நாளில் அதை எடுக்காதே. ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று எடுக்கவே எடுக்காதே. எம்எக்ஸ்-5 போதும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

புல்லியைப் பார்த்தாயா? தண்ணீர் ஓட்டையையும் பார்.

கொட்டகைப் படத்தில் பாலிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்தாள். ஞாயிறுதோறும் மருமகள் போன் செய்து, அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று தெரிந்ததையே கேட்பாள். ஆடிக்குப் பிறகு போன் இல்லை. நான் எதையும் கேட்கவில்லை.

1993இல் நாம் பிரீமியர் 118என்இ கார் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். நிசான் இன்ஜின், 1171 சிசி. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, ராலி ஓட்டப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். முன்பணத்துக்கு அம்மாவின் ஏழு பவுன் காசுமாலையை விற்றேன். மில்லிங் மிஷினுக்கு என்று அவளிடம் பொய் சொன்னேன். தெரிந்த அன்று அவள் சண்டை போடவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு கோபிக்குப் பஸ் ஏறிவிட்டாள். அம்மிச்சிக்கு மேலுக்குச் சரியில்லை என்று உன்னிடம் சொன்னது நான்தான். பதினோரு நாள். தினமும் ராத்திரி கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மறுபடி பூட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. நீ டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு எட்டு வயது. கையில் கொசு கடித்தாலும் வெளிச்சத்தை அசைக்க மாட்டாய். அம்மா எப்போது வருவாள் என்று ஒரே ஒரு நாள் கேட்டாய். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு என்றேன்.

கடைசியில் அப்பாருதான் விடியற்கால பஸ்ஸில் போய்க் கூட்டி வந்தார். நான் போயிருக்க வேண்டும். அந்த வண்டி நம்மிடம் ஆறு வருஷம் இருந்தது. முன் சீட் காலியாக இருந்தாலும் அம்மா பின்னால்தான் உட்காருவாள். நீ கவனித்தாயோ என்னவோ. உன் வண்டி இரண்டிலும் பின் சீட்டே கிடையாது.

இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. பதில் எழுத வேண்டாம்.

கொள்ளுப் பொடியும் கருப்பட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அம்மா புதுச் சந்தகை அச்சு ஒன்றும் வைத்திருக்கிறாள், மருமகள் போன வருஷம் கேட்டதாம். மேலே இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா