திருமலைக்குக் குடிவர உதவியவர்களுக்கு

அன்பான அண்ணன்மார், அக்காமார், கந்தோர் நண்பர்கள் எல்லோருக்கும்,

கொழும்பை விட்டுத் திருகோணமலைக்கு வேலையோடும் வீட்டோடும் மாறிவந்த எங்கள் இருவருக்கும் கைகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். எங்களில் ஒருவர் அரச உத்தியோகத்தர், இடமாற்றத்தில் வந்தவர். மற்றவர் தனியார் கம்பனியிலிருந்து விலகி இங்கே இன்னொன்றில் சேர்ந்தவர். இப்படி இரண்டு விதமாக வேலை மாறும் சோடிகள் இன்னும் வருவார்கள். அதனால் யார் எதைச் சொல்லித் தந்தீர்கள் என்பதையும் விபரமாக எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் ஐயாவுக்கு. “ரெண்டு பேரும் ஒரே மாசத்தில வேலை மாறாதீங்கோ” என்றீர்கள். காரணம் சம்பளப் பட்டியல். பழைய கந்தோரின் இறுதிச் சம்பளச் சான்றிதழ் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் புதிய கந்தோரின் பட்டியலில் அந்த மாதம் பெயர் ஏறாது. விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். தனிப்பட்ட கோவை, லீவுப் பதிவு, இடர் கடனின் மீதி விபரம் எல்லாம் ஆளுக்குப் பின்னால் தபாலில் வருபவை. எந்தத் திகதியில், எந்தக் கடித இலக்கத்தில் அனுப்பினார்கள் என்பதைக் குறித்து வைத்திருந்தால்தான் இங்கிருந்து தொலைபேசியில் தேடிப் பிடிக்கலாம். தனியார் பக்கத்தில் மாத நடுவில் சேர்ந்தால் முதற்சம்பளம் பாதிதான். இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தால் வீட்டு முற்பணமும் லொறிக்கூலியும் கடனில்தான் போகும். ஒருவர் முன்னே வந்து கடமையேற்று, முதற்சம்பளம் கைக்கு வந்தபிறகு மற்றவர் விலகல் கடிதம் கொடுப்பதே சரி. இடையில் வார இறுதியில் இரவு ரயிலில் அலைய வேண்டிவரும். அலையத்தான் வேண்டும்.

அடுத்தது கணக்குப் பிரிவுத் தங்கச்சிக்கு. கம்பனியை விட்டு வெளிக்கிட முன் எதையெல்லாம் கையெழுத்தோடு வாங்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தீர்களே, அந்தத் துண்டு இன்னும் கோவையில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போடுவார், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். ஒரு இலட்சம் ரூபாய்ச் சம்பளம் என்றால் மாதம் 23,000 ரூபாய் உங்கள் பெயரில் சேர வேண்டும். ஒரு மாதத்துப் பணத்தைக் கட்ட அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாள் வரை தவணை உண்டு. ஆகவே விலகிய அன்று கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி மாதம் விடுபடுவதுதான் வழமை.

பணத்தைவிட அதிகம் சிக்குவது பெயர். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒரு கம்பனி பழையதையும் அடுத்த கம்பனி புதியதையும் பதிந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: முதலெழுத்து தகப்பனுடையதா, கணவனுடையதா என்பது. கலியாணத்துக்கு முன் ஒரு மாதிரியும் பின் வேறு மாதிரியும் பதிந்துவிட்டால், முதுமையில் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டும். புதிய இடத்தில் சேரும் அன்றே அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்தெழுத்தாகக் கொடுங்கள். பழைய அங்கத்துவ இலக்கத்தையும் கூடவே கொடுங்கள்.

பணிக்கொடை பற்றிச் சொன்னது பலருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால், ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். கடைசிச் சம்பளம் 80,000, சேவை 6 வருடம் என்றால் 240,000 ரூபாய். விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். நாலரை வருடத்தில் விலகினால் ஒன்றும் இல்லை. புதிய இடத்தில் அவசரப்படுத்தினாலும், ஐந்துக்கு ஓரிரு மாதமே குறைவென்றால் சேரும் திகதியைத் தள்ளிக் கேட்பதில் வெட்கமில்லை. எடுக்காத லீவுக்குரிய பணம், சேவைச் சான்றிதழ், வருமான வரி வெட்டியிருந்தால் அதற்கான ரி.10 சான்றிதழ் ஆகியவையும் அந்தத் துண்டில் இருந்தன. வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், நடுவில் மாறுபவருக்கு இரண்டு முதலாளிமாரிடமிருந்தும் அது தேவை.

வீடு தேடித் தந்த உப்புவெளிக் கடைக்கார அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! வீட்டைப் பார்க்க முன் கிணற்றைப் பார்க்கச் சொன்னீர்கள். கடற்கரையோர மணற்தரையில் மழை முடிந்த தையில் கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் உப்பேறும். அயலவரிடம் “கச்சான் காலத்தில் தண்ணி எப்படி?” என்று கேட்டால்தான் உண்மை வரும். குழாய்த் தண்ணீர் உள்ள வீடென்றாலும் மேலே தாங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாரிக்கு வேறு கேள்வி: ஐப்பசியிலிருந்து மார்கழிவரை முற்றத்தில் வெள்ளம் நிற்குமா? மதிலின் அடியில் படிந்த கறை பதில் சொல்லும். புதுப் பெயின்ற் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகள் காலம். அந்த மாதங்களில் நாள் வாடகைக்கு விட்டால் கூடக் கிடைக்கும் என்பதால், வாய்ப்பேச்சில் கொடுத்த வீட்டைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் உண்டு. நொத்தாரிசு அம்மா சொன்ன சட்டம் இங்கே உதவும்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டிய ஒப்பந்தத்தை நம்பி முற்பணத்தைக் கொடுக்கக் கூடாது. முற்பணம் எவ்வளவு, மாதாமாதம் கழியுமா, கடைசியில் திரும்புமா, மின்மானி வாசிப்பு எத்தனை என்பவை அதற்குள்ளே எழுதப்பட வேண்டும். எங்கள் வீட்டுக்கார அக்கா இவை எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் சம்மதித்தார். அவருக்குத் தனி நன்றி.

இனி லொறி அண்ணனும் கூட வந்த தம்பிமாரும். சாமான் ஏற்றுவது ஒரு வித்தை. புத்தகமும் பாத்திரமும் சின்னப் பெட்டியில், துணியும் தலையணையும் பெரிய பெட்டியில். பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் அடி கழன்றுவிடும். பீங்கான் கோப்பைகளைப் படுக்க அடுக்கக் கூடாது. பத்திரிகைத் தாள் சுற்றி நிற்க வைத்தால் குலுக்கலைத் தாங்கும். ஃபிரிட்ஜ், அலுமாரி இரண்டும் ஓட்டுநர் பக்கத்துச் சுவரோடு, நிமிர்த்தி, மெத்தையை இடையில் செருகி. ஃபிரிட்ஜைப் படுக்க வைத்தால் கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். அப்படி வைக்க நேர்ந்தால் இறக்கி நிமிர்த்தி ஒரு நாள் விட்டபிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரத்துக்கு வாங்கும்போது கழற்றிய போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டாவிட்டால் உள்ளே உள்ள பீப்பாய் ஆடி உடையும். காஸ் சிலிண்டரின் ரெகுலேற்றரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்திக் கட்ட வேண்டும்.

கடைசியாக ஏற்றுவது முதலில் இறங்கும். அதனால் குத்துவிளக்கு, நிறைகுடத்துச் செம்பு, பால் காய்ச்சும் பானை, அரிசி, சீனி, தேயிலை, நெருப்புப்பெட்டி, ரெஸ்ரர், இரண்டு பல்ப், நுளம்பு வலை எல்லாம் ஒரே பெட்டியில், கதவடியில். நல்ல நேரத்துக்குப் பால் காய்ச்ச நின்றுகொண்டு, பானை எந்தப் பெட்டியில் என்று தேடும் வீடுகளைக் கண்டிருப்பதாக அண்ணன் சொன்னார். நம்புகிறோம்.

கொழும்பிலிருந்து குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்டால் யானை றோட்டில் நிற்கும். விடியற்காலை 4 மணிக்கு வெளிக்கிட்டால் அந்தத் துண்டைப் பகலில் கடந்து, இறக்குவதற்கும் வெளிச்சம் மிஞ்சும். மாரியில் வருவதானால் ஒரு படங்கு போதாது. மேலே ஒன்று, பின்கதவை மூடி இன்னொன்று. மோட்டார் சைக்கிளை லொறியில் நெருக்காமல் ரயிலில் பார்சலாக அனுப்பலாம்; பெற்றோலை வடித்துவிட வேண்டும்.

இறக்கி முடிந்த வீட்டில் பக்கத்து வீட்டு மாமி சொன்னது உப்புக்காற்று பற்றி. கறள் முதலில் திருகாணியில் பிடிக்கும், பிறகு பிணைச்சலில், பிறகுதான் தகட்டில். இரும்பு அலுமாரியின் காலுக்கு மரத்துண்டு வையுங்கள், பிணைச்சல்களுக்கு வசிலின் தடவுங்கள், கடலைப் பார்த்த யன்னலோடு தொலைக்காட்சியை வைக்காதீர்கள். அழுத்திய மரத்தூள் பலகைத் தளபாடம் மாரி ஈரத்தில் ஊதிவிடும். அதைக் கொழும்பிலேயே விற்றுவிட்டு இங்கே ஒரு தேக்கு மேசை வாங்குவது மலிவு. லொறியில் இடமும் மிச்சம்.

பதிவுகளில் உதவிய கிராம உத்தியோகத்தருக்கும் நன்றி. பழைய பிரிவில் பெயரை நீக்குவித்து இங்கே சேர்க்காவிட்டால் வாக்காளர் இடாப்பில் இரண்டு இடத்திலும் குழப்பம். பிள்ளை இல்லாத சோடிகள் இதை அலட்சியம் செய்கிறார்கள். முதலாம் வகுப்பு அனுமதியில் முந்திய 5 வருட இடாப்புக்குப் புள்ளி உண்டு. கணக்குப் பார்த்தால் பிள்ளை பிறந்தவுடன் பதிந்தாலே மட்டுமட்டு. அதேபோல் எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் பதிந்தால் ருபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று பார்த்து, போலிக் அமிலக் குளிசையும் கர்ப்பத்துக்கு முன்பே தருவார். அவரே வீடு தேடி வந்தார். கோடி நன்றி மிஸ்ஸி.

கந்தோரில் முதல் வாரம் முழுக்கச் சோறு கட்டிக்கொண்டு வந்த சகோதரிகளே, உங்கள் டிபன் பெட்டிகள் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். லொறி அண்ணனின் பெரிய படங்கும் இங்கேதான் இருக்கிறது. அட்டைப் பெட்டிகள் மடித்து உள்ளறையில் கிடக்கின்றன, நல்ல உறுதியானவை. வீடு மாறுகிறவர்கள் யாரும் வந்து எடுத்துப் போகலாம். வாசலில் வைத்தால் ஊர் மான்கள் வந்து மென்றுவிடும், அதனால் கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் புது அயலவர்கள் இருவர்
திருகோணமலை