நடு உறுப்பைப் பிரிப்பது ஊக விளையாட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு நெருங்கும்போது மாணவர் பக்கங்களில் காரணிப்படுத்தல் (ஒரு கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்தெழுதுவது) பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும், "பெருக்கினால் இது, கூட்டினால் இது வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஏன் அந்த எண்கள், அகப்படாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் பக்கம் பக்கமாக எண்களைப் போட்டுப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள்.

6x² − x − 12 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் கெழுவையும் (x²இன் முன்னுள்ள 6) மாறிலியையும் (x இல்லாத −12) பெருக்கினால் −72. பெருக்கத்தில் −72, கூட்டலில் −1 தருபவை −9, 8. எனவே 6x² − 9x + 8x − 12 = 3x(2x − 3) + 4(2x − 3) = (2x − 3)(3x + 4). இந்த விடையை மறுபடி விரித்துப் பாருங்கள். நடு உறுப்பு இரண்டு துண்டுகளாக வருகிறது: 2 × 4 = 8, −3 × 3 = −9. முதல் கெழு 2 × 3. மாறிலி −3 × 4. இரண்டு பக்கமும் அதே நான்கு எண்கள்தாம். அதனால்தான் பெருக்கம் இரண்டிலும் −72. இவ்வளவுதான் காரணம். இதைக் காட்டிவிட்டால் முறை மறக்காது.

துண்டுகளை இடம் மாற்றி 6x² + 8x − 9x − 12 என எழுதினாலும் விடை மாறாது. ஆனால் குறி தவறுவது இங்கேதான். −9x − 12 இலிருந்து −3ஐ வெளியே எடுத்தால் உள்ளே 3x + 4. பலர் 3x − 4 என்று எழுதுகிறார்கள். இரண்டு அடைப்புகளும் ஒத்துவரவில்லையென்றால் வேறு எண்களைத் தேடுமுன் குறியைப் பார்க்க வேண்டும்.

எண்கள் இருக்கின்றனவா என்பதையே முன்கூட்டி அறியலாம். நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து −72இன் நான்கு மடங்கைக் கழித்தால் 1 + 288 = 289, அதாவது 17இன் வர்க்கம். முழு வர்க்கம் வந்தால் தேடலாம். x² + 5x + 3இல் 25 − 12 = 13; முழு எண்களில் பிரியாது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

12x² − 2x − 24 போன்றவற்றில் பொதுக் காரணி 2ஐ முதலிலேயே வெளியே எடுத்தால் −288க்குப் பதில் −72உடன் வேலை முடியும். அந்த 2 விடையிலும் இருக்க வேண்டும். பூச்சியத்துக்குச் சமமான சமன்பாட்டில் அதை வகுத்துவிடலாம், கோவையில் கூடாது.

x³ வரும் முப்படிக் கோவையில் xக்கு 1, −1, 2 போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடுவது இன்னொரு குறை. 2x³ − 3x² − 11x + 6இல் இந்த மூன்றும் பூச்சியம் தராது, 3 தரும்; எனவே (x − 3) ஒரு காரணி. மாறிலியின் காரணிகள் அனைத்தையும், முதல் கெழு 2 என்பதால் அரையையும் ஒன்றரையையும்கூட, சோதிக்க வேண்டும். (x − 3)ஆல் வகுத்தால் 2x² + 3x − 2. அது (2x − 1)(x + 2).

அடுத்தமுறை இந்தப் பாடம் வரும்போது, விடையைப் பெருக்கிச் சரிபார்க்கும் வரியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுக்குக்குறி கீழே இறங்கி x2 என்று ஆகிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்