ரோஜா யாருக்கு உரிய மலர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ரோஜாவைப் பற்றி வந்த கட்டுரையில், அம்மலர் தன் மென்மையால் என்றுமே பெண்மைக்கு உரியது என்று ஒரு வரி இருந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் படித்துவரும் எனக்கு அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை.

கிரேக்கர் ரோஜாவைத் தங்கள் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டிக்கும் ரோமானியர் தங்கள் காதல் தெய்வமான வீனஸுக்கும் உரியதாக்கியதும், கிறிஸ்தவர் மரியன்னையை முள்ளில்லா ரோஜா என்று போற்றியதும் தாங்கள் அறிந்தவையே. ஆனால் 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு அரச குடிகள் அரியணைக்காக நடத்திய போருக்கு ரோஜாக்களின் பெயரே நிலைத்துவிட்டது. நேரு தம் மேலங்கியில் நாள்தோறும் சிவப்பு ரோஜாவைச் செருகிக்கொண்டார். நம் மரபிலும் சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்தியையும் பாண்டியன் வேம்பையும் சூடினார்கள். வெட்சியும் தும்பையும் சூடிப் போருக்குப் போனவர்களும் ஆண்களே. பூவைப் பெண்ணோடு மட்டும் முடிச்சுப் போட்டது எப்போது என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் தந்தை சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பூக்கட்டிப் பிழைத்தவர். பள்ளி விட்டு வந்ததும் ஈரத்துணியால் காம்பைப் பிடித்து முள் உருவுவது என் வேலை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே கனத்தில்தான் ரோஜா மாலை கட்டுவார். இறந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் அதே இதழ்களைத்தான் கூடையில் அள்ளிக் கொடுப்பார்.

அந்த மலரை என்னிடமிருந்து எடுத்தது என் கணவரின் காரியத்தன்று. தலை நிறையப் பூவைத்து, அழுதுகொண்டே அதைக் களைந்தார்கள். அதில் பன்னீர் ரோஜாவும் இருந்தது, அதன் மணம் அன்று முழுவதும் என் கூந்தலை விட்டுப் போகவில்லை. சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில், பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி காம்பில் வெள்ளித்தாள் சுற்றிய ரோஜாவைச் சிரித்தபடி என்னிடம் நீட்டினாள். பின்னால் நின்ற பெரியவர் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்துத் தாழ்த்திவிட்டு, கற்கண்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் தான் செய்த தவறு என்னவென்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

ரோஜா பெண்மையின் மலர் என்றால், கணவரை இழந்த நாளில் நான் பெண்ணாக இல்லாமல் போனேனா? இந்த வழக்கம் இங்கே, சிங்கப்பூரில், படித்த குடும்பங்களிலும் இன்னும் நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் பெண்மையைப் புகழ்வது என்னைப் போன்றவர்களை மேலும் ஒதுக்குவதாகும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்து வரும் திருமணச் சிறப்புப் பக்கத்தில், வரவேற்பு மேசையில் வைக்கும் ரோஜாவை வருகிற எல்லாருக்கும் கொடுக்கும்படி ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி