மூன்று நாள் கெடுவும் முப்பதாண்டு மெத்தனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும், 'அங்கே கத்தரிக்காய் வாங்குவதுபோலத் துப்பாக்கி வாங்கலாம்' என்று நம் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. அது முழு உண்மை அல்ல. சட்டம் இருக்கிறது. ஓட்டை எங்கே என்பதும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடைக்காததுதான் ஆத்திரமூட்டுகிறது.

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். வாங்கச் சட்டத் தடை ஏதும் அவருக்கு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்கு அந்த விவரங்கள் போகும். பெரும்பாலான மாநிலங்களில் அதை எஃப்.பி.ஐ. செய்கிறது. வரும் பதில் மூன்று வகை: விற்கலாம், விற்கக் கூடாது, பொறுத்திருங்கள். வினை அந்த மூன்றாவதில்தான். மூன்று வேலை நாள்களுக்குள் முடிவு வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம்! 1993இன் பிரேடி சட்டம் வைத்த கெடு இது. விசாரணை முடியாததையே தகுதிச் சான்றாக ஆக்கிவிட்டார்கள்.

2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கப் போனார். போதைப்பொருள் வழக்கில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கைதானவர். அந்த ஆவணத்தைத் தேடிய எஃப்.பி.ஐ. ஊழியர் வேறொரு மாவட்டத்து அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கெடு முடிந்தது, துப்பாக்கி கைமாறியது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரை அவர் சுட்டுக் கொன்றார். விற்பனையைத் தடுத்திருக்க வேண்டும் என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் கோமியே பிறகு ஒப்புக்கொண்டார். கெடுவைப் பத்து நாளாக்கும் மசோதா 2019இலும் 2021இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மேலவையான செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

இன்னொரு ஓட்டை, துப்பாக்கி வாங்கத் தடையுள்ளவர்களின் மத்தியப் பட்டியலில் பெயரே ஏறாமல் போவது. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவருக்கு, மனநல சிகிச்சை பெற வேண்டும் என்று 2005இலேயே நீதிமன்ற உத்தரவு இருந்தது. அது அந்தப் பட்டியலுக்குப் போகவில்லை. (இறந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த பேராசிரியர் ஒருவரும் உண்டு.) 2017இல் டெக்சஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேரைக் கொன்றவர், குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். விமானப்படை அதை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கவே இல்லை.

கடைக்கு வெளியே தனிநபர்கள் விற்றுக்கொண்டால் மத்தியச் சட்டப்படி சோதனையே கிடையாது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் இறந்த நான்கே மாதத்தில், கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்காவது சோதனை வேண்டும் என்ற திருத்தம் வந்தது. செனட் உறுப்பினர்கள் 54 பேர் ஆதரித்தும் தோற்றது. அங்கே 60 வாக்குகள் வேண்டுமாம்.

இவற்றையெல்லாம் அடைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. 2022இல் யுவால்டி பள்ளியில் சுட்டவர் 18 வயது நிரம்பியதும் சட்டப்படியே இரண்டு ரைஃபிள் வாங்கியிருந்தார். அதன் பிறகு வந்த சட்டம், 21 வயதுக்குட்பட்டவர்களிடம் சந்தேகம் எழுந்தால் பத்து வேலை நாள் வரை விசாரிக்க இடம் தருகிறது. மற்றவர்களுக்கு அதே மூன்று நாள்தான். சார்ல்ஸ்டனில் சுட்டவருக்கு, துப்பாக்கி வாங்கியபோது வயது 21.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்