எப்ஸ்டைனும் ‘மெர்சி பீட்’ இதழும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் மேலாளராகப் பின்னாளில் விளங்கிய பிரையன் எப்ஸ்டைன், தம் இசைத்தட்டுக் கடைக்கு வந்த இளைஞர் ஒருவர் கேட்ட பிறகே அக்குழுவின் பெயரை அறிந்தார் என்று தங்கள் ஞாயிறு இணைப்பிதழ்க் கட்டுரை கூறுகிறது. அவர்களின் ஊரான இங்கிலாந்தின் லிவர்பூலில் பில் ஹாரி நடத்திய ‘மெர்சி பீட்’ என்ற இசை இதழின் வரலாற்றைப் பார்த்தால் அதை அப்படியே ஏற்க இயலவில்லை.

கலைக் கல்லூரியில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடன் பயின்ற ஹாரி, ஐம்பது பவுண்டு கடன் பெற்று, ரென்ஷா தெருவின் சிறிய மாடியறை ஒன்றிலிருந்து 1961 ஜூலை 6 அன்று தொடங்கிய இந்த மாதமிருமுறை இதழ், லண்டன் பத்திரிகைகள் ஏறெடுத்தும் பாராத உள்ளூர் இசைக்குழுக்களுக்கென்றே வெளிவந்தது. பீட்டில்ஸ் பிறந்த கதையை முதல் இதழிலேயே லெனன் தமக்கே உரிய குறும்புடன் எழுதியிருந்தார். அவ்விதழைத் தம் கடையில் விற்க ஒரு டஜன் படிகள் வாங்கிய எப்ஸ்டைன், அடுத்த இதழுக்கு 144 படிகள் கேட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்கில் பீட்டில்ஸ் செய்த ஒலிப்பதிவுதான் அந்த இரண்டாம் இதழின் முதல் பக்கச் செய்தி. மூன்றாம் இதழிலிருந்து இசைத்தட்டு விமர்சனம் எழுதியவரும் எப்ஸ்டைனே.

இளைஞர் வந்து கேட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நடந்ததாகச் சொல்லப்படும் அக்டோபர் இறுதிவரை, தாம் விற்கும், தாமே எழுதும் இதழை எப்ஸ்டைன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை எப்படி நம்புவது? 1965-இல் ‘மியூசிக் எக்கோ’வுடன் இணைந்து பெயரிழந்த அந்த இதழைக் கட்டுரையாளர் ஒரு வரியிலேனும் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை