டாப்-அப் ரசீது பில் ஆகாது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. ஆபீஸ் வேலையாகப் போய்வந்ததற்கு நீ கொடுத்த டிராவல் பில் திரும்பி வந்துவிட்டது, இந்தச் சில்லறைக்காக யார் அலைவது, விட்டுவிடுகிறேன் என்றாய். விடாதே அம்மா. ஆபீஸ் வேலைக்காக உன் கைக்காசு போயிருக்கிறது. சின்னத் தொகையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். அந்தத் தொகை உறைக்கிற அளவுக்குச் சம்பளம் குறைவாக இருப்பதும் அவர்களுக்குத்தான். அக்கவுண்ட்ஸில் இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். நீயும் அப்படி விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் பில்லைத் திருப்பி அனுப்பியவர் மேல் கோபப்படாதே. அந்த இடத்தில் நான் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். நீ பில்லோடு வைத்தது, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தட்டிப் போகிற கார்டுக்குப் பணம் ஏற்றிய டாப்-அப் ரசீது. 500 ஏற்றினாய் என்று அது சொல்கிறது, எங்கே போனாய் என்று சொல்லவில்லை. கார்டில் இருக்கிற வரைக்கும் அது உன் பணம். கேட்டில் கார்டைத் தட்டி, கட்டணம் கழிகிறபோதுதான் செலவாகிறது. அந்த 500-இல் கிளையன்ட் ஆபீசுக்குப் போய்வந்ததில் 180 கழிந்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தோழியைப் பார்க்கப் போனதில் 120 கழிந்திருக்கலாம், மீதி 200 கார்டிலேயே கிடக்கலாம். கம்பெனி தர வேண்டியது அந்த 180-ஐ மட்டும். ரசீதைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை இணைத்தாலும் இதே கதைதான், அதிலும் டாப்-அப் தொகைதான் வரும். மீதி குறைந்ததும் தானாகவே பணம் ஏறுகிற ஆட்டோ டாப்-அப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, எதை வைக்க வேண்டும்? பயணம் பயணமாக நான்கு விஷயம்: எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு கழிந்தது, எதற்காகப் போனாய். முதல் மூன்றும் கார்டின் பயண ஹிஸ்டரியில் கிடைக்கும். நான்காவதை நீதான் எழுத வேண்டும். அங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ‘மீட்டிங்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் பில் பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த ப்ராஜெக்ட், யாரைப் பார்க்க, என்ன வேலை என்று அரை வரி எழுது. போன அன்றைக்கே போன் காலண்டரில் குறித்துக்கொள், மாதக் கடைசியில் நினைவுக்கு வராது. ஏறும்போது மட்டும் கார்டைத் தட்டுகிற பஸ்களில் நீ எங்கே இறங்கினாய் என்று ஹிஸ்டரிக்கே தெரியாது. அதையும் நீயே எழுதிவிடு.

ஹிஸ்டரி எப்போதும் இருக்கும் என்று நம்பி இருந்துவிடாதே. ஜப்பானில் 2001-இல் வந்த சூயிகா கார்டு தனக்குள் வைத்திருப்பது கடைசி 20 பதிவுகளைத்தான். ஹாங்காங்கில் 1997-இல் வந்த ஆக்டோபஸ் கார்டை ஸ்டேஷனில் இருக்கிற மெஷினில் வைத்துப் பார்த்தால் கடைசி 10 தெரியும். அந்தக் கார்டுகளில் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பதால், நாலு நாள் கடைக்குப் போனாலே ஆபீஸ் வேலையாகப் போன பயணம் பட்டியலை விட்டு வெளியே போய்விடும். வெப்சைட்டிலும் ஆப்பிலும் இன்னும் பின்னோக்கிப் பார்க்க முடிகிற கார்டுகள் உண்டு, அதற்கும் ஓர் எல்லை இருக்கும். அதனால் உன் கார்டை உன் பெயரில் பதிவு செய்துவிடு. பதிவு செய்யாத கார்டு தொலைந்தால் மீதிப் பணமும் போகும், போய்வந்ததற்கான சான்றும் போகும். அப்புறம் வாரக் கடைசியில் ஹிஸ்டரியை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்.

தொகையை எழுதும்போது ஹிஸ்டரியில் கழிந்திருப்பதை அப்படியே எழுது. கட்டண அட்டவணையைப் பார்த்து எழுதாதே, கார்டுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். டெல்லி மெட்ரோவில் ஸ்மார்ட் கார்டில் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. அட்டவணைத் தொகையை எழுதினால் கொடுக்காத காசைக் கேட்டதாக ஆகிவிடும்.

இப்போது நீ கேட்ட அந்தக் குழப்பமான விஷயத்துக்கு வருகிறேன்: கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தால் எவ்வளவு கேட்பது? பல ஊர்களில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கழிக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஆய்ஸ்டர் கார்டு வந்தது 2003-இல், அதில் இந்த உச்சவரம்பு 2005-இல் வந்தது. வரம்பு 100 என்று வைத்துக்கொள். காலையில் ஆபீஸ் போக 40, நடுவில் கிளையன்ட் ஆபீஸ் போக 30, திரும்ப 30, சாயங்காலம் வீட்டுக்கு வர எதுவும் கழியவில்லை. ஹிஸ்டரியில் கிளையன்ட் பயணத்துக்கு எதிரே 60 இருக்கிறது. ஆனால் அந்தப் பயணமே இல்லையென்றாலும் ஆபீஸ் போய்வர உனக்கு 80 ஆகியிருக்கும். வேலைக்காகக் கூடுதலாகப் போனது 20 மட்டுமே. எவ்வளவு கேட்பது? என்னைக் கேட்டால் 20 கேட்பதுதான் நேர்மை. சில கம்பெனிகள் ஹிஸ்டரியில் இருக்கிற 60-ஐயே கொடுக்கும், அப்படி விதி இருந்தால் வாங்கிக்கொள், தப்பில்லை. விதி தெரியாமல் நீயாக முடிவு செய்யாதே. அக்கவுண்ட்ஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வை. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டால் அந்த மெயில்தான் பேசும்.

மாதப் பாஸ் எடுத்தாலும் இதே மாதிரிதான். பாஸ் செல்லுகிற எல்லைக்குள்ளேயே கிளையன்ட் ஆபீஸ் இருந்தால் அந்தப் பயணத்துக்கு எதுவும் கழிந்திருக்காது, கேட்கவும் ஒன்றும் இல்லை. எல்லை தாண்டிப் போனதற்குத் தனியாகக் கழிந்திருந்தால் அதைக் கேள்.

வீட்டிலிருந்து தினம் ஆபீஸ் போய்வருவதைப் பில்லில் சேர்க்காதே. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் வரிச் சட்டங்களில் பொதுவாக அது சொந்தச் செலவு. ஜப்பானில் பல நிறுவனங்கள் அதற்கென்றே தனிப் படி கொடுத்துவிடுகின்றன, ஆனால் அது சம்பளத்தோடு வருவது, நீ போடுகிற பில் வேறு. வீட்டிலிருந்து நேராக கிளையன்ட் ஆபீசுக்குப் போகிற நாள்தான் சிக்கல். முழுத் தொகையும் தருகிறவர்கள் உண்டு, வழக்கமான ஆபீஸ் பயணச் செலவைக் கழித்துக்கொண்டு தருகிறவர்களும் உண்டு. மெயிலில் இதையும் சேர்த்துக் கேட்டுவிடு.

வெளியே வரும்போது கார்டைத் தட்ட மறந்துவிட்டால் பல இடங்களில் அதிகபட்சக் கட்டணம் கழிந்துவிடும். அதை அப்படியே பில்லில் போடுவது சரியில்லை. போக்குவரத்து நிறுவனத்திடம் சொல்லித் திருத்தப் பார், பெரும்பாலும் மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். திருத்திய தொகையைக் கேள். முன்பே பில் போட்டு வாங்கியிருந்தால் அடுத்த மாதப் பில்லில் கழித்துவிட்டு, ஏன் கழித்தாய் என்று ஒரு வரி எழுது.

ஒரு அம்மாவாக எனக்குப் பெரிய விஷயம் இன்னொன்று. அந்த ஹிஸ்டரியில் உன் நடமாட்டம் முழுவதும் இருக்கிறது. எந்த நேரத்துக்குக் கிளம்புகிறாய், ராத்திரி எந்த ஸ்டேஷனில் இறங்குகிறாய், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய், எல்லாமே. இதை ஆபீசில் நாலு பேர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் வேலையாகப் போன பயண வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கருப்பு மையால் அடித்துவிட்டு ஸ்கேன் செய்து அனுப்பு. கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தெரியட்டும். ஆனால் ஃபைலை எக்செலில் திறந்து வரிகளை நீக்காதே, நல்ல எண்ணத்தில் செய்தாலும் திருத்திய ஆவணம் என்ற சந்தேகம் வந்துவிடும்.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி ஆபீஸ் வேலைக்கென்று தனியாக ஒரு கார்டு வாங்கிக்கொள்வது. மையால் அடிக்க வேண்டிய வரியே இருக்காது. கார்டுக்குக் கொடுக்கிற டெபாசிட்டைப் பில்லில் போடாதே, அது திரும்பக் கிடைக்கிற பணம். உச்சவரம்பு கார்டு கார்டாகக் கணக்காகும் என்பதால், இரண்டு கார்டையும் ஒரே நாளில் பயன்படுத்தினால் கொஞ்சம் கூடுதலாகக் கழியலாம். மாதத்தில் சில தடவைதான் வெளியே போகிறாய் என்றால் ஒரே கார்டு போதும். வாரம் முழுக்க அலைகிறாய் என்றால் இரண்டாவது கார்டு வாங்கிவிடு. கம்பெனியே பணம் ஏற்றிக் கொடுத்த கார்டு என்றால் க்ளைம் பேச்சே இல்லை, போன இடங்களுக்குக் கணக்கு மட்டும் கொடு.

திரும்பி வந்த பில்லுக்கு இன்றைக்கே உட்கார். முதலில் ஹிஸ்டரியை இறக்கு, பழைய தேதிகள் மறைவதற்குள். பில் கொடுக்கக் கடைசித் தேதி என்ன என்று விசாரி, தாண்டியிருந்தால் முதலில் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, திருத்திக் கொடுப்பதாக எழுது. அனுப்பும் முன்பு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா